அப்பாவின் போனுக்குப் போன மெசேஜ்

எனக்குப் பொறுமை என்பது கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்பருகில் நில் என்றால் நாலு தரம் வாசலுக்குப் போய்விட்டு வருவேன். அதற்குள் பால் வழிந்திருக்கும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஹெல்த் கிளப் கூட்டம் என்று எங்களைப் பிடித்து உட்கார வைத்தார்கள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் எழுந்து, "இந்த போஸ்டரயெல்லாம் எவ மேடம் படிப்பா?" என்று கேட்டுத் தொலைத்தேன். வாயைத் திறந்தவள் தலையில்தானே வேலையைக் கட்டுவார்கள்.

இது இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்று வாக்கில். எங்கள் கல்லூரி ஒரகடம் போகும் சாலையில், இரண்டு கம்பெனிச் சுவர்களுக்கு நடுவில் இருந்தது. கல்லூரி பஸ் விடியும் முன்பே ஊர் ஊராகச் சுற்றக் கிளம்பிவிடும். கம்பெனி பஸ்கள் சாலையை அடைப்பதற்குள் வந்து சேர வேண்டும் என்பதற்காக அப்படி. அதனால் பெண்கள் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வந்து இறங்குவோம். காலைப் பிரார்த்தனையில் வெயிலில் நிற்கும்போது ஒருத்தி சரிவாள். இரண்டு பேர் அவளைத் தாங்கிப் பிடித்து மரத்தடியில் உட்கார வைப்பார்கள், பிரார்த்தனை நிற்காமல் தொடரும். நானும் ஒருநாள் சரிந்திருக்கிறேன். கண் முன்னால் எல்லாம் மஞ்சளாகி, காதில் இரைச்சல் கேட்டு, பிறகு மரத்தடி.

இதற்கு ஹெல்த் கிளப் கண்டுபிடித்திருந்த மருந்து ஒரு போஸ்டர். "காய்கனி உண்போம், களிப்புடன் வாழ்வோம்" என்று எழுதி, கீழே ஆப்பிள், திராட்சை படம். கல்லூரிக்குப் பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்தில் எந்தக் கடையில் ஆப்பிள் விற்றார்களோ தெரியாது. கேன்டீன் சுவரில் அதை ஒட்டிய மறுநாளே எவனோ ஆப்பிளுக்கு மீசை வரைந்துவிட்டான். அதற்கடுத்த வாரம் சாம்பார் கையைத் துடைக்கிற இடமாகிவிட்டது.

கிளப்பைப் பார்த்துக்கொண்ட மேடம் வணிகவியல் துறை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நல்ல மாதிரி, ஆனால் மேனேஜ்மென்ட் என்று சொன்னாலே பயம். "சரி, நீயே சொல்லு. எப்படி எழுதினா படிப்பாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் பொறுமை இல்லை. "விசாரிச்சிட்டு வரேன் மேடம்" என்று கிளம்பிவிட்டேன்.

ஒரு வாரம் கேன்டீனிலும் பஸ்ஸிலும் எல்லோரையும் துளைத்தேன். காலையில் ஏன் சாப்பிடவில்லை, மயக்கம் வந்தால் ஏன் நர்ஸ் ரூமுக்குப் போகவில்லை, நோட்டீஸ் போர்டை ஏன் படிக்கவில்லை. சீனியர் அக்கா ஒருத்தி பட்டென்று சொன்னாள்: "'அன்பார்ந்த மாணவ மாணவியரே'ன்னு ஆரம்பிச்சாலே அது நமக்கு இல்லன்னு தெரிஞ்சிடும்டி. ஊருக்கே சொன்னா எவ கேப்பா? எனக்குன்னு சொன்னாத்தான் கேப்பேன்." நர்ஸ் ரூம் விஷயத்தில் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். நர்ஸ் பெயரை எழுதிக்கொள்வார், வகுப்பாசிரியருக்குச் சொல்வார், வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போன் போடுவார். யாருக்கு வேண்டும் அந்த வம்பு?

ஆக, எனக்கு இரண்டு விஷயம் கிடைத்தது. ஒருத்தியிடம் பேசுவது போல எழுத வேண்டும். வெளியே தெரியாது என்று உறுதி சொல்ல வேண்டும். இதைச் சொன்னதும் மேடத்தின் முகம் பளிச்சென்று ஆனது. அப்போதுதான் எங்கள் கல்லூரி மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பும் வசதியை வாங்கியிருந்தது. போஸ்டரை விட்டுவிட்டு மெசேஜாக அனுப்பலாம், நேராகக் கைக்கே போய்ச் சேரும் என்றார் மேடம். நானும் துள்ளிக் குதித்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் செல்போனுக்குத் தடை. பிடித்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் என்னைப் போல வசதியில்லாத சிலரைத் தவிர எல்லோரிடமும் போன் இருந்தது, பைக்குள்ளே, டிபன் பாக்ஸ் மூடிக்கு அடியிலே. இருக்கிறது என்று ஆசிரியர்களுக்கும் தெரியும், ஆனால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள முடியாது. "உங்க போன் நம்பரைக் கொடுங்க" என்று எந்த மாணவியிடம் கேட்பது? கேட்டால் தடையே பொய்யாகிவிடும். இதையெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் யோசித்தோமா என்றால், இல்லை. "நம்பர்லாம் ஆபீஸ்ல கீதாமே மேடம்" என்றேன். "ஆமா, ஆபீஸ்ல இருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

தமிழ் எழுத்து அந்தக் கால போன்களில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுத வேண்டும். ஒரு மெசேஜுக்குள் அடக்கவும் வேண்டும். மேடமும் நானும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அடித்து அடித்து எழுதினோம். மேடம் "சத்தான உணவு" என்று போடுவார், நான் அடிப்பேன். மேடம் "வாருங்கள்" என்பார், நான் "வா" என்பேன். கடைசியில் வந்தது இது: "காலைல சாப்பிடப் பிடிக்கலையா? தலை சுத்துதா? மயக்கம் வருதா? பயப்படாதே, உன்னைத் திட்ட மாட்டோம். நர்ஸ் ரூமுக்கு வா. யாருக்கும் சொல்ல மாட்டோம்."

படித்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாணவிகளுக்கு மட்டும் அனுப்பலாம் என்று முடிவு செய்தோம். வெள்ளிக்கிழமை மதியம் மேடம் அதை ஆபீசில் கொடுத்தார். ஆபீசில் இருந்த பட்டியலில் இருந்தவை, சேரும்போது விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த அப்பாக்களின் நம்பர்கள். "உங்கள் மகள் இன்று கல்லூரிக்கு வரவில்லை" என்று அனுப்புவார்களே, அந்தப் பட்டியல்.

எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நிலத்தைக் கம்பெனிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வந்த காசில் அப்பா வரிசையாக ரூம்கள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் தங்கியிருந்தார்கள், எல்லோரும் கம்பெனியில் டிரெய்னி. அப்பா கம்பெனி வேன் ஓட்டினார். அம்மா அந்தப் பையன்களுக்குச் சேர்த்துச் சமைத்தாள். முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களுக்கு டப்பா கட்ட வேண்டும், இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்குச் சோறு இருக்க வேண்டும். அவள் எப்போது தூங்கினாள், எப்போது சாப்பிட்டாள் என்று நான் கவனித்ததில்லை.

கல்லூரியிலிருந்து மெசேஜ் வந்தால் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான்: நான் ஏதோ செய்துவிட்டேன். வகுப்புக்குப் போகவில்லை, பரீட்சையில் போய்விட்டது, ஃபீஸ் பாக்கி. நல்ல செய்தி சொல்ல எந்தக் கல்லூரியும் மெசேஜ் போட்டதில்லை. அப்பாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், இங்கிலீஷ் எழுத்து வராது. அதனால் மெசேஜ் வந்தால் ரூம் பையன் ஒருவனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். அன்றைக்கு மாலையும் அப்படித்தான். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். பையன் யூனிஃபார்மோடு வாசலில் நின்று கணீரென்று படித்தான். இரண்டாவது வரியில் அவன் குரல் இறங்கியது. கடைசி வரியை முணுமுணுத்தான்.

"இன்னாது? யாருக்கும் சொல்ல மாட்டாங்களா? எத்த?" என்றார் அப்பா.

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி, பாப்பாட்டயே கேட்டுக்கிடுங்க" என்று போனை அவர் கையில் வைத்துவிட்டு அவன் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. நானே தேர்ந்தெடுத்த ஒவ்வொரு வார்த்தையும் அப்பா காதில் எப்படி விழுந்திருக்கும் என்று விளங்கியது. வயசுப் பெண்ணுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, தலை சுற்றுகிறது, மயக்கம் வருகிறது, பயப்படாதே, யாருக்கும் சொல்ல மாட்டோம். அட கடவுளே! ஓடி வந்து, "அப்பா, அது நான் எழுதுனதுப்பா. எல்லாருக்கும் போயிகீது" என்றேன்.

"கத வுடாத. காலேஜ் பேர்ல வந்துகீது."

"காலேஜ் பேர்லதான் வரும். நானும் மேடமும் சேந்துதான் எழுதுனோம்."

"நீ எழுதுனியா? சரி. இந்த தல சுத்துறது, வாந்தி வர்றதெல்லாம் உனக்கு எப்டிடி தெரியும்?"

"வாந்தின்னு நான் எழுதவே இல்லப்பா!"

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். கையில் கரண்டி. "போன வாரம் இவ லீவு போட்டாளே" என்றாள் மெதுவாக. எனக்கு வந்த ஆத்திரத்தில் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. போன வாரம் லீவு போட்டது உண்மை. எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தேன். அதைச் சொன்னால் இன்னும் கெட்டுப்போகும், சொல்லாவிட்டாலும் கெட்டுப்போகும்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்ததும் மறைமலை நகரிலிருந்த அத்தைக்குப் போன் போட்டார். அத்தை பையன் அங்கே கார் கம்பெனியில் பெர்மனென்ட் ஆகியிருந்தான். அவர் பேசியதில் என் காதுக்கு எட்டியது ஒன்றுதான்: "படிச்ச வரிக்கும் போதும்க்கா. வைகாசிலயே வச்சிக்கலாம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். வாசலுக்குப் போவேன், பையன்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், திரும்பி வருவேன். மேடத்தின் நம்பர் என்னிடம் இல்லை. கல்லூரி ஆபீசுக்கு லீவு. யாரிடம் போய் நிரூபிப்பது? திங்கட்கிழமை காலை பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி அடித்தது. நான் பையோடு நின்றேன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது. இனி அவ்வளவுதான், வைகாசியில் கழுத்தை நீட்ட வேண்டியதுதான் என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மாதான் பேசினாள். "டாக்டரம்மாகிட்ட ஒரு தபா காட்டிட்டு வந்துடறோம். அப்பறம் எதுனா முடிவு பண்ணு." அப்பா தலையை ஆட்டினார். பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது அம்மா, "கோயிலுக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி நிஜமாகவே முதலில் கோயிலுக்குப் போனோம். அம்மா உடையவர் சன்னதியில் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். எனக்காக அங்கே என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று தெரிந்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பஜாரிலிருந்து ஒரு சந்தில் திரும்பினால் அந்த லேடி டாக்டரின் கிளினிக். உள்ளே நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர் பெஞ்சில் என் வகுப்புப் பெண். துப்பட்டாவால் மூக்குவரை மூடியிருந்தாள், பக்கத்தில் அவள் அம்மா. அதற்கடுத்து முதலாண்டுப் பெண் ஒருத்தி, அவள் அம்மா. மூலையில், 'எனக்குன்னு சொன்னாத்தான் கேப்பேன்' என்று சொன்ன அதே சீனியர் அக்கா, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். எல்லா அம்மாக்கள் கையிலும் துளசி இருந்தது. ஒரு அம்மா மடியில் மட்டும் பைபிள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த முதலாண்டுப் பெண்ணின் கன்னத்தைப் பார்த்தேன். விரல் தடம் தெரிந்தது. சிரிப்பு அப்படியே போய்விட்டது. எழுந்து நின்றேன். "உக்காருடி" என்று அம்மா முந்தானையோடு சேர்த்து என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

"எல்லாருக்கும் ஒரே மெசேஜ்தான் வந்துச்சு. காலேஜ்ல இருக்கிற எல்லாப் பொண்ணுங்க வூட்டுக்கும் போச்சு. எழுதுனது நான்தான். காலைல சாப்புடாம வந்து மயக்கம் போட்டு வுழுறாங்களே, அதுக்காக எழுதுனது. எவளுக்கும் எதுவும் ஆவல" என்றேன்.

பைபிள் வைத்திருந்த அம்மா டாக்டரிடம் காட்டக் கொண்டுவந்திருந்த வீட்டுக்காரர் போனைப் பையிலிருந்து எடுத்தார். முதலாண்டுப் பெண்ணின் அம்மாவும் எடுத்தார். சீனியர் அக்கா இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டினாள். ஒரே எழுத்து, ஒரே நேரம். "அடப்பாவிங்களா!" என்றார் ஒரு அம்மா. இன்னொருவர் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். முதலாண்டுப் பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை, மகளின் கன்னத்தைத் தொடப் போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. "வந்தது வந்துட்டோம், ஒரு தபா பாத்துட்டே போய்டலாம்" என்றாள் என் அம்மா. நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்ல டாக்டர் வாய் வேண்டுமே, மகள் வாய் போதாதே. மற்ற அம்மாக்களும் அதே கணக்கோடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், அங்கேயே ரத்தம் எடுத்துச் சோதித்தார். அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா. இவ்ளோ கம்மி ரத்தத்த வச்சிகிட்டு இந்தப் பொண்ணு எப்படி பஸ் ஏறுது, அத்தக் கேளு" என்று அதட்டினார். மாத்திரை எழுதினார். காலையில் சாப்பிடாமல் வெளியே அனுப்பக் கூடாது என்றார். கீரை, பேரீச்சம்பழம், கடலை என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து பார்த்தால், எனக்கு முன்னால் போனவர்கள் கையிலும் அதே மாத்திரைச் சீட்டு.

அம்மா அங்கேயே நின்று என் வகுப்புப் பெண்ணின் அம்மாவிடம் போனை வாங்கி அப்பாவுக்குப் பேசினாள். "ஒண்ணும் இல்லியாம். டாக்டரே சொல்லிட்டாங்க. எல்லாப் பசங்களுக்கும் வந்த மெசேஜாம் அது. இதுக்கு ரத்தம்தான் கம்மியா கீதாம்." அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் எனக்கே கேட்டது. "அவ்ளோதானே? நாளைலர்ந்து போவச் சொல்லு. அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. கல்லூரி, பஸ், பரீட்சை, எல்லாம் திரும்பிவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரத்தம் இல்லை என்றால் அவ்வளவுதானே! மயங்கி மரத்தடியில் உட்கார்ந்த எந்தப் பெண்ணையும் எந்த அப்பனும் டாக்டரிடம் அனுப்பவில்லை. மானம் போய்விடும் என்று பயந்த பிறகுதான் ஒரே நாளில் இத்தனை பேருக்கு ரத்தம் பார்த்தார்கள். நான் யோசித்து யோசித்து எழுதிய மெசேஜ் வேலை செய்துவிட்டது, நான் நினைக்காத வழியில்.

அம்மா மாத்திரை வாங்கினாள், பேரீச்சம்பழமும் வாங்கினாள். பஸ் ஸ்டாண்டில் நிழல் இல்லை. நின்றுகொண்டே கேட்டாள், "ஆமா, அந்த மெசேஜ்ல இன்னாதான்டி எழுதிகீற? உங்கப்பா முழுசா சொல்லவே இல்ல."

எனக்கு மனப்பாடம். சொன்னேன். காலையில் சாப்பிடப் பிடிக்கவில்லையா, தலை சுற்றுகிறதா, மயக்கம் வருகிறதா, பயப்படாதே, உன்னைத் திட்ட மாட்டோம் என்று கடைசிவரை சொன்னேன். அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு உன்னப் பெத்ததுலர்ந்து அப்டிதான் கீது" என்றாள், வெயில் அதிகம் என்று சொல்கிற அதே குரலில்.

நான் அவளையே பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ. "வாம்மா, டாக்டர் இன்னும் உள்ளதான் கீறாங்க. உனக்கும் பாத்துட்டு வந்துடலாம், வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "எனக்கு இன்னாத்துக்குடி? நான் இன்னா காலேஜுக்கா போறேன்?"

பஸ் வந்துவிட்டது. அவள் முண்டியடித்து முதலில் ஏறி, எனக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.